பீச் பழத்துக்குப் பத்து சதவீதம் - வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஹாலிவுட் படங்கள் ஹாலிவுட்டை விட்டு ஜார்ஜியா, நியூ மெக்சிகோ என்று ஓடுவதைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நாற்பது வரி எழுதியிருக்க வேண்டும் போல. இந்த வாரம் வேறு எதையும் தொடவில்லை, முழுக்க அமெரிக்க மாநிலங்கள் சினிமாவுக்குக் கொடுக்கும் சலுகைகள்தான். கிசுகிசு கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

கேள்வி: சார், மார்வெல் படங்களில் கடைசிக் காட்சிக்காகப் பெயர்ப் பட்டியல் முடியும் வரை உட்கார்ந்திருப்பேன். அப்போது ஒரு பீச் பழம் வரைந்த முத்திரை வந்து போகிறது. அது என்ன பழக்கடை விளம்பரமா? (கல்லூரி மாணவர்)

பழக்கடை இல்லை தம்பி, மாநில அரசு. அது ஜார்ஜியாவின் முத்திரை. அந்த மாநிலத்துக்குப் பீச் மாநிலம் என்றே செல்லப் பெயர் உண்டு.

2008-ல் ஜார்ஜியா தன் சட்டத்தைத் திருத்தி, அங்கே குறைந்தது 5 லட்சம் டாலர் செலவு செய்து படமோ தொடரோ எடுப்பவர்களுக்கு, செலவில் 20 சதவீதத்தை வரிக் கழிவாக, அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே குறைத்துக்கொள்ளும்படி, தருவதாகச் சொன்னது. அதற்கு மேல், இந்தப் பழத்தைப் படத்தில் போட்டு மாநிலத்துக்கு விளம்பரம் செய்தால் இன்னும் 10 சதவீதம். ஆக 30. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய படம் அங்கே 10 கோடி டாலர் செலவழித்தால் கழிவு 3 கோடி. அதில் 1 கோடி டாலர் அந்தப் பழத்துக்கு மட்டும்! பாதித் தியேட்டர் எழுந்து போன பிறகு சில விநாடிகள் தெரிகிற ஒரு முத்திரைக்கு அந்த விலை. உங்களைப் போல உட்கார்ந்திருக்கும் நாலு பேர்தான் பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆண்டுக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பு அந்தச் சலுகைக்கு இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். மற்ற பல மாநிலங்களில் பணம் தீர்ந்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள், ஜார்ஜியாவில் எத்தனை படம் வந்தாலும் உண்டு. அதனால்தான் தலைநகர் அட்லாண்டாவைச் சுற்றி ஸ்டூடியோக்கள் முளைத்தன. பழைய ராணுவ முகாம் ஒன்றை வாங்கி நடிகரும் இயக்குநருமான டைலர் பெர்ரி கட்டிய ஸ்டூடியோவும் அதில் ஒன்று.

கேள்வி: நான் வரி ஆலோசகராக இருக்கிறேன். கம்பெனி கலிபோர்னியாவில், படம் எடுப்பது மட்டும் ஜார்ஜியாவில். ஜார்ஜியாவில் அவர்களுக்கு வருமானமே இல்லாதபோது வரியும் இருக்காது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? புரியவில்லை.

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இந்த விவகாரத்தின் உயிர்நாடியே இதுதான், பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள்.

படக் கம்பெனிக்கு அந்த மாநிலத்தில் கட்ட வேண்டிய வரி பெரும்பாலும் ஒன்றுமில்லை, இருந்தாலும் கழிவுத் தொகைக்குப் பக்கத்திலேயே வராது. ஆகவே கழிவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், விற்கிறார்கள். ஆமாம், கடையில் சாமான் விற்கிற மாதிரி. ஜார்ஜியாவில் லாபம் பார்த்து வரி கட்ட வேண்டிய ஏதோ ஒரு பெரிய நிறுவனம், சினிமாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது இந்தக் கழிவை டாலருக்குச் சுமார் 90 சென்ட் விலையில் வாங்கும். மேலே சொன்ன 3 கோடிக் கழிவை 2 கோடியே 70 லட்சத்துக்கு வாங்கி, தன் வரியில் முழுசாக 3 கோடியைக் கழித்துக்கொள்ளும். வாங்கியவருக்கு 30 லட்சம் லாபம், விற்றவருக்கு ரொக்கம், நடுவில் தரகருக்குக் கமிஷன். அரசுக்கு 3 கோடி போச்சு. படம் எடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். உதவி செய்கிற வழியிலேயே ஒழுகுகிற குழாய் இது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. நியூ மெக்சிகோவில் விற்கிற வேலையே கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதியை அரசே திருப்பித் தந்துவிடும். டெக்சாஸில் அது வரிக் கழிவே அல்ல, செலவுக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு நேரடியாக மானியம் கொடுக்கிறார்கள். பெயர்தான் வேறு வேறு, கடைசியில் எல்லாமே அரசு கஜானாவிலிருந்து தயாரிப்பாளருக்குப் போகும் பணம். பணம் வர ஒன்றிரண்டு வருஷம் ஆகும் என்பதால், வரப்போகிற கழிவை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் வாங்கித்தான் பல படங்களை எடுக்கிறார்கள். படம் ஓடுமா ஓடாதா என்று வங்கிக்குக் கவலை இல்லை, செலவு நடந்தால் கழிவு வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவில் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு, ஒரு படத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் வரைதான் கழிவுக் கணக்கில் சேரும். ஆனால் பெரிய நட்சத்திரங்கள் சம்பளம் வாங்குவதில்லையே! சொந்தப் பெயரில் ஒரு கம்பெனி வைத்து, அந்தக் கம்பெனி மூலமாகத் தங்களையே வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கு அந்த வரம்பு இல்லை. பணத்தைத் தரும்போதே மாநிலத்துக்கான வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கலிபோர்னியா இதில் கறார். நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர் ஆகியோரின் சம்பளம் அங்கே கழிவுக் கணக்கிலேயே வராது. தச்சர், லைட்மேன், தையல்காரர் கூலிதான் கணக்கு.

கேள்வி: இது நம்ம ஊர் கேளிக்கை வரிவிலக்கு மாதிரிதானே? இதில் என்ன அதிசயம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மாதிரி இல்லை ஐயா. நம்முடையது படத்தைக் காட்டுகிற இடத்து வரி, டிக்கெட்டில் இருந்தது. 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் விலக்கு என்று அரசு சொன்னதும் ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனதும், ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2011-ல் யு சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகள் கூடின. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த அத்தியாயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதில் படத்தை எங்கே எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டார்கள். அமெரிக்க மாநிலங்களுக்கு எங்கே எடுத்தீர்கள் என்பது மட்டும்தான் முக்கியம். பெயர் என்னவாக இருந்தாலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெளியே வராமல் பெட்டிக்குள் கிடந்தாலும்கூட, உள்ளூரில் செலவழித்த ரசீது இருக்க வேண்டும்.

கேள்வி: ஊர் முழுக்க வேலை கிடைக்கும், பொருளாதாரம் வளரும் என்கிறார்கள். நிஜமாகவே லாபமா, அல்லது ஸ்டார்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள கவர்னர்கள் செய்யும் செலவா?

இரண்டாவதை நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு ஒரு வேலை மிச்சம்.

வேலை கிடைப்பது பொய் இல்லை. படப்பிடிப்பு வந்தால் கேட்டரிங்காரர், லாரி ஓட்டுநர், ஓட்டல் எல்லோருக்கும் காசு வரும். கேள்வி, அதற்கு மாநிலம் கொடுத்த விலை என்ன என்பது. சின்னக் கணக்கு ஒன்று: ஜார்ஜியாவின் வருமான வரி சுமார் 5 சதவீதம். ஒரு கம்பெனி அங்கே 100 டாலர் செலவழிக்கிறது, அந்த நூறும் அப்படியே உள்ளூர்க்காரர் சம்பளமாகப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாநிலம் கொடுத்தது 30 டாலர். வருமான வரியாகத் திரும்பி வருவது 5. அவர் அந்தப் பணத்தில் கடையில் சாமான் வாங்கினால் விற்பனை வரி கொஞ்சம். கடைக்காரர் செலவழித்தால் இன்னும் கொஞ்சம். எத்தனை சுற்று சுற்றினாலும் 30 திரும்பி வராது. இத்தனைக்கும் நூறில் கணிசமான பகுதி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விமானத்தில் வந்து போகிறவர்களின் சம்பளமாக வெளியே போய்விடுகிறது.

அப்படியானால் தொழில்துறை வெளியிடும் அறிக்கைகளில் மட்டும் எப்படி ஒன்றுக்கு ஐந்தாக லாபம் வருகிறது? அவர்கள் மொத்தச் செலவை எண்ணுகிறார்கள், அரசுக்குத் திரும்பி வந்த வரியை அல்ல. அதோடு, சலுகை இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய படங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அதே பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ சாலைக்கோ செலவழித்திருந்தால் எத்தனை வேலை வந்திருக்கும் என்பதைக் கேட்பதில்லை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தாம் பல மாநிலங்களின் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்து, இந்தச் சலுகைகளால் வேலைவாய்ப்பிலோ பொருளாதாரத்திலோ ஏற்பட்ட விளைவு மிகச் சொற்பம் என்றார். தொழில்துறைக்கு அந்த ஆய்வு பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மிச்சிகனைப் பாருங்கள். 2008-ல் கார் தொழில் படுத்துக் கிடந்த நேரத்தில், 42 சதவீதம் வரை தருகிறேன் என்று அறிவித்தது. நாட்டிலேயே அதிகம். படங்கள் குவிந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அலுவலகக் கட்டடத்தில் பான்டியாக் நகரில் பெரிய ஸ்டூடியோ வந்தது, அதன் கடன் பத்திரத்துக்கு மாநில ஊழியர்களின் ஓய்வூதிய நிதி ஜாமீன் நின்றது. அடுத்து வந்த கவர்னர் சலுகையை வெட்டினார், படங்கள் வந்த வேகத்திலேயே கிளம்பின, 2012-ல் ஸ்டூடியோவால் தவணை கட்ட முடியாமல் ஓய்வூதிய நிதி கட்டியது. ஆசிரியர்களின், போலீஸ்காரர்களின் ஓய்வுப் பணம் ஐயா அது! 2015-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

லூசியானா கதை இன்னும் நீளம். 1990-களில் கனடா வரிச் சலுகை கொடுத்து ஹாலிவுட் படங்களை இழுக்க ஆரம்பித்த பிறகு, 2002-ல் முதல் ஆளாகப் பெரிய அளவில் களத்தில் இறங்கிய மாநிலங்கள் லூசியானாவும் நியூ மெக்சிகோவும்தான். 2013-ல் எடுக்கப்பட்ட 108 பெரிய ஹாலிவுட் படங்களை ஒரு ஆய்வில் எண்ணிப் பார்த்தார்கள், லூசியானாவில் 18, கலிபோர்னியாவில் 15. தெற்கு ஹாலிவுட் என்று பட்டமே கொடுத்தாயிற்று. 2015-ல் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது, ஆண்டுக்கு 18 கோடி டாலருக்கு மேல் கழிக்க முடியாது என்று வரம்பு போட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் வீடு வாங்கிக் குடியேறியிருந்த டெக்னீஷியன்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு அட்லாண்டா போனார்கள். தொழிற்சாலை என்றால் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போவது கஷ்டம், யோசிப்பார்கள். சினிமா யூனிட்டுக்கு நாலு லாரி போதும்.

கேள்வி: சலுகைக்காகக் கதை நடக்கும் ஊரையே மாற்றுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் மிகை இல்லையா?

மிகை இல்லை. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கதை முதலில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாகத்தான் எழுதப்பட்டிருந்தது. நியூ மெக்சிகோ திருப்பித் தரும் பணத்துக்காக அங்கே உள்ள அல்புகர்க்கி நகரத்துக்குப் போனார்கள், போன பிறகு ஊர் கதைக்குள்ளேயே ஏறிக்கொண்டது. அந்தப் பாலைவனத்தையும் வானத்தையும் எடுத்துவிட்டு அந்தத் தொடரை நினைத்துப் பார்க்க முடிகிறதா? இந்த ஒன்றில் வரிச் சட்டத்துக்குக் கலை கடன்பட்டிருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன். 2013-ல் அந்த மாநிலம் தொடர்களுக்கு இன்னும் 5 சதவீதம் கூட்டிக் கொடுத்த சட்டத்துக்கு இந்தத் தொடரின் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். அப்புறம் 2018-ல் நெட்ஃபிளிக்ஸ் அங்கே ஒரு ஸ்டூடியோவையே வாங்கியது.

எதிர் உதாரணமும் உண்டு. பென் அஃப்லெக்கின் ‘லிவ் பை நைட்’ புளோரிடாவின் டாம்பா நகரத்துக் கதை. எடுத்தது எங்கே? ஜார்ஜியாவில் பிரன்ஸ்விக் என்ற ஊரில் டாம்பா தெருவை செட் போட்டு. புளோரிடாவின் சலுகைப் பணம் தீர்ந்துபோயிருந்தது, 2016-ல் அந்தத் திட்டமே முடிந்தது.

கேள்வி: இவ்வளவு பணம் புழங்கினால் ஊழல் இருக்காதா? (வங்கி ஊழியர்)

இருந்தது. ஐயோவாவில் 2007-ல் திட்டம் தொடங்கினார்கள், பாதிச் செலவு அரசுடையது என்கிற அளவுக்குத் தாராளம். 2009 செப்டம்பரில் தணிக்கை செய்தால், தயாரிப்பாளர்கள் சலுகைக் கணக்கில் ரேஞ்ச் ரோவர், மெர்சிடஸ் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். கவர்னர் அன்றோடு நிறுத்தினார், சிலர் தண்டனையும் பெற்றார்கள். ஜார்ஜியாவிலேயே, மாநிலத் தணிக்கைத் துறை 2020-ல் கண்காணிப்பு சரியில்லை என்று எழுதிய பிறகுதான் கட்டாயத் தணிக்கைக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு வருஷம் எப்படிப் போனது என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன், வங்கியில் இருக்கிறீர்கள், ரசீது எப்படி வேண்டுமானாலும் தயாராகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அரசுப் பணம் வாங்கினால் கதையில் கை வைப்பார்களா?

டெக்சாஸில் வைக்கலாம். மாநிலத்தையோ மக்களையோ மோசமாகக் காட்டுகிறது என்று நினைத்தால் மானியத்தை மறுக்க அங்கே சட்டத்தில் இடம் உண்டு, மறுத்தும் இருக்கிறார்கள். 2025-ல் அந்த மானியத்தை இரண்டு ஆண்டுக்கு 30 கோடி டாலராகப் பத்தாண்டுக்கு உயர்த்தியிருக்கிறார்கள், அதனால் இனி இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

கேள்வி: ஒரு டி.வி. தொடர் எடுக்கிறவர்கள் ஒரு அரசாங்கத்தையே மிரட்ட முடியுமா? நண்பர் சொன்னார், நம்ப முடியவில்லை.

உங்கள் நண்பர் சொன்னது மேரிலாண்ட் கதையாக இருக்கும். ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரை அங்கேதான் எடுத்தார்கள். 2014-ல் தயாரிப்பு நிறுவனம் கவர்னருக்குக் கடிதம் போட்டது: போதுமான சலுகை கிடைக்காவிட்டால் அரங்குகளைப் பிரித்து வேறு மாநிலத்துக்குக் கொண்டு போய்விடுவோம். கதாநாயகன் கெவின் ஸ்பேசி நேரிலேயே மாநிலத் தலைநகருக்கு வந்து சட்டமன்ற உறுப்பினர்களோடு கைகுலுக்கினார். தொடரில் காரியத்துக்காக எதையும் செய்யும் அரசியல்வாதி வேஷம், நிஜத்தில் சலுகை கேட்டு வந்த விருந்தாளி.

சட்டமன்றத்தில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. போவதென்றால் போங்கள், நீங்கள் இங்கே வாங்கிய கழிவுக்கு ஈடாக உங்கள் செட், கேமரா எல்லாவற்றையும் அரசு கையகப்படுத்தும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கிற அதே அதிகாரம்! கீழ்சபையில் அது நிறைவேறவும் செய்தது. கடைசியில் வழக்கம்போல் சமரசம் பேசி, பணம் கொடுத்து, தொடரை அங்கேயே தக்கவைத்துக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் எடுத்துக்கொண்டிருந்த ‘வீப்’ தொடர் மட்டும் ஐந்தாவது பருவத்துக்குக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது, அங்கே கொடுத்த சலுகைக்காக.

கேள்வி: கலிபோர்னியா எதற்குச் சலுகை தர வேண்டும்? ஹாலிவுட்டே அங்கேதானே இருக்கிறது. (இல்லத்தரசி)

இதைத்தான் அவர்களும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அம்மா. நிழலில் இருக்கிறவனுக்குக் குடை எதற்கு என்று. 2009-ல் முன்னாள் நடிகரே கவர்னராக இருந்தபோதுதான் ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அப்போது யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? 2014-ல் குலுக்கலை விட்டுவிட்டு, எத்தனை பேருக்கு வேலை என்று பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், தொகையும் 33 கோடி ஆனது. 2025 ஜூலையில் 75 கோடி. இன்னொரு பக்கம் நியூயார்க் 80 கோடிக்குப் போய்விட்டது. 2009-ல் 44 மாநிலங்கள் கொடுத்தன, சில விலகி, சில திரும்பி வந்து, இப்போதும் நாற்பதை ஒட்டித்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் என்ன எழுதினார் என்று பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுகிறார். யாராவது ஒருவர் நிறுத்தினால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள், அதனால் மனசுக்குள் திட்டிக்கொண்டே எல்லோரும் எழுதுகிறார்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒளிப்பதிவு படிக்கிறான். படிப்பு முடிந்ததும் அட்லாண்டா போகிறேன், அங்கேதான் வேலை கொட்டிக் கிடக்கிறது என்கிறான். சம்மதிக்கலாமா?

கொட்டிக் கிடந்தது நிஜம். 2022 நிதியாண்டில் ஜார்ஜியாவில் படப்பிடிப்புச் செலவு 440 கோடி டாலர். 2024-ல் அது 260 கோடி. சலுகையை அவர்கள் ஒரு சதவீதம்கூடக் குறைக்கவில்லை, ஆனாலும் விழுந்தது. நடிகர், எழுத்தாளர் வேலைநிறுத்தம் ஒரு காரணம், ஓ.டி.டி. நிறுவனங்கள் கையைச் சுருக்கிக்கொண்டது இன்னொன்று. இதெல்லாம் போக, பீச் பழத்தை இத்தனை படத்தில் காட்டிய மார்வெலே இப்போது பெரிய படங்களை இங்கிலாந்தில் எடுக்கிறது. அங்கேயும் சலுகை உண்டு, சம்பளச் செலவும் குறைவு.

மகனிடம் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். கேமரா உதவியாளராக நுழைகிறவனுக்கு முதல் மூன்று வருஷம் கூப்பிட்ட இடத்துக்கு ஓடுகிற தைரியமும், ஆறு மாத வாடகைக்குக் கையிருப்பும் வேண்டும். வீடு வாங்கப்போகிறேன் என்று ஆரம்பித்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். விசா விவகாரத்தை அங்கே உள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.